டீசல் பம்பைக் கழற்றும் முன்

லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் டீசல் பம்பில் கை வைத்துவிடாதீர்கள். பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில் பல நேரம் தொல்லை தருவது காற்றுதான். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு கம்பிபோலத் தெளிந்த டீசல் வர வேண்டும். நுரை நிற்கவே இல்லையென்றால், டேங்கிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை சரியென்றால், நாசில் பக்கத்து பைப் நட்டை லேசாகத் தளர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் விட்டுவிட்டுத் துடித்து வர வேண்டும். எதிலுமே வராவிட்டால்தான் பம்பைச் சந்தேகிக்கலாம். விரலை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து இறங்கிவிடும். விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. காமன் ரெயில் வண்டிகளில் இந்தச் சோதனையே கூடாது.

கழற்றுமுன் இன்ஜினை டைமிங் மார்க்கில் நிறுத்தி, கப்ளிங்கில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். மார்க் பிசகினால் புதுப் பம்பும் புகை கக்கும். திறந்த பைப் வாய்களை உடனே மூடுங்கள்; ஒரு மணல் துகள் போதும், பிளஞ்சர் இறுகிவிடும்.