மாற்று முழங்கால் மூட்டு: சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கும் நடப்பதற்கும் ஆதாரமாக விளங்கும் உறுப்புகளுள் முழங்கால் மூட்டு முதன்மையானது. தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் அங்கே சந்திக்கின்றன. வழுவழுப்பான குருத்தெலும்பு இவ்விரு முனைகளையும் போர்த்தியுள்ளது. மூட்டினுள் சுரக்கும் பசைநீர் உராய்வைக் குறைக்கிறது. குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகையால், தோலில் பட்ட காயம் ஆறுவதைப் போல அதன் தேய்வு தானே ஆறுவதில்லை. தேய்வு முற்றியபோது எலும்பும் எலும்பும் நேருக்கு நேர் உராய்கின்றன. வலி, வீக்கம், கால் வளைதல், உறக்கக் கேடு ஆகியன தொடர்கின்றன. மருந்து, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி ஆகியவற்றால் போதிய பயன் பெறாதவர்களுக்கே மாற்று மூட்டுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

இச்சிகிச்சையில் அறுவை மருத்துவரின் பணி ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்திய சில வாரங்களும் பிந்திய சில மாதங்களும் நோயாளியின் கையிலும் வீட்டாரின் கையிலும் உள்ளன. நோயாளி மீண்டும் எவ்வளவு நடப்பார் என்பதைப் பெரும்பாலும் இக்காலமே நிர்ணயிக்கிறது.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்னும் அறுவை மருத்துவர், காசநோயால் மூட்டு அழிந்தவர்களுக்கு யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பொருத்தினார். கிருமித் தொற்றினால் அம்முயற்சி நிலைபெறவில்லை. பின்னர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சார்ன்லி, இடுப்பு மூட்டுக்கு உலோகப் பந்தும் டெப்லான் கிண்ணமும் அமைத்தார். சில ஆண்டுகளிலேயே டெப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைக் கெடுத்தன. 1962 நவம்பரில் அவர் அதைக் கைவிட்டு, உறுதி மிக்க பாலிஎதிலீன் கிண்ணத்தைக் கையாண்டு வெற்றி கண்டார். காற்றிலுள்ள கிருமிகள் காயத்தில் படியாதிருக்க, தூய காற்று பாயும் தனிக்கூடு ஒன்றையும் அறுவை அரங்கில் ஏற்படுத்தினார். அதே மருத்துவமனையில் 1968ஆம் ஆண்டில் கனடா நாட்டினரான பிராங்க் கன்ஸ்டன் உலோகமும் பாலிஎதிலீனும் கொண்ட முழங்கால் மூட்டை அமைத்தார்.

தேய்வும் கிருமியுமே மாற்று மூட்டின் இரு பகைகள் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. தேய்வைத் தடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் மூட்டை ஆக்குவோரைச் சார்ந்தது. கிருமியைத் தடுப்பதில் நோயாளிக்கும் பங்குண்டு.

சிகிச்சைக்கு முன்

உலோகப் பரப்பில் கிருமிகள் ஒருமுறை குடியேறிவிட்டால் மெல்லிய படலமாகப் படர்ந்து பாதுகாப்புத் தேடிக்கொள்கின்றன. கிருமிநாசினி மருந்துகள் அவற்றை எளிதில் அழிக்க இயலாது. ஆகவே சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, விரலிடுக்குப் புண், பித்தவெடிப்பு முதலியவற்றை முன்னதாகவே குணப்படுத்த வேண்டும். அறுவை நடக்கவுள்ள காலில் உள்ள மயிரை வீட்டில் பிளேடால் மழிக்கலாகாது. அதனால் உண்டாகும் நுண்ணிய கீறல்கள் கிருமிகளுக்கு வாயிலாகும்.

நீரிழிவு உள்ளவர்கள் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையைச் செய்துகொண்டு, அது கட்டுக்குள் வந்த பின்னரே அறுவைக்கு உடன்படுவது நன்று. இரத்தசோகை இருப்பின் அதையும் சரிசெய்தல் வேண்டும். பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றைக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே விட்டொழித்தல் வேண்டும். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தாமதிக்கச் செய்கிறது. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துகள் உட்பட, டாக்டரிடம் கூறுதல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது.

அறுவை மருத்துவர் புதிய மூட்டை அளிக்கலாம். புதிய தசையை அளிக்க இயலாது. வலியினால் நடமாட்டம் குறைந்தோருக்குத் தொடைத் தசை மெலிந்திருக்கும். மல்லாந்து படுத்துக் காலை நீட்டி, முழங்காலைப் படுக்கையோடு அழுத்தி 5 விநாடி நிறுத்துவதை வேளைக்குப் பத்து முறையாக நாள்தோறும் மூன்று வேளை செய்துவந்தால் அத்தசை வலுப்பெறும். வாக்கர் எனப்படும் நான்கு கால் சட்டத்தைப் பிடித்து நடக்கவும் முன்னரே பழகிக்கொள்ளலாம்.

வீட்டையும் ஆயத்தம் செய்தல் அவசியம். கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி, கட்டில், உயர்ந்த பீடமுள்ள கழிப்பிடம் அல்லது அதற்கு ஈடான நாற்காலி, குளியலறைச் சுவரில் பிடிக்கம்பி ஆகியவை வேண்டப்படும். வழுக்கும் பாய், மடங்கிய விரிப்பு, தரையில் கிடக்கும் மின்கம்பி ஆகியவற்றை அகற்ற வேண்டும்.

அறுவையின்போது

பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி மருந்து செலுத்தி, இடுப்பிற்குக் கீழே உணர்வை மரக்கச் செய்வர். முழங்கால் முழுவதும் வெட்டியெடுக்கப்படுவதில்லை. தேய்ந்த பரப்புகள் மட்டும் சீவப்படுகின்றன. தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகத்தால் உறை இடப்படுகிறது. கீழ்க்கால் எலும்பின் மேல் உலோகத் தட்டு பதிக்கப்பட்டு, இரண்டிற்கும் இடையே பாலிஎதிலீன் பலகை அமைகிறது. பெரும்பாலும் அக்ரிலிக் பசை இவற்றை எலும்போடு பிணைக்கிறது.

சிகிச்சைக்குப் பின்

நமது நாட்டில் நோயுற்ற முதியோரைப் படுக்கையை விட்டு எழவிடாமல் பேணுவதே அன்பு என்று கருதும் குடும்பங்கள் பல. மாற்று மூட்டைப் பொறுத்தவரை இவ்வன்பு தீங்கையே விளைவிக்கும். அசையாத காலில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகி, முழங்கால் மடங்காமலும் போகலாம். ஆகவே அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுந்து நிற்கச் செய்கின்றனர். படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருத்தல் வேண்டும்.

முதல் ஆறு வாரங்கள் மிக முக்கியமானவை. இரண்டு வார அளவில் முழங்கால் 90 பாகை மடங்குவது நல்ல முன்னேற்றமாகும். மடக்குவதைப் போலவே முழுதும் நீட்டுவதும் முக்கியம். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் கால் சற்று மடங்கியபடியே இறுகிவிடும்; தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைப்பதே முறை. வலியைச் சகிப்பது வீரமன்று. வலிநிவாரணியை வேளை தவறாமல் உட்கொண்டால்தான் பயிற்சி நடைபெறும்.

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும்போது, அறுவை நடந்த காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். படியேறுகையில் நல்ல காலையும், இறங்குகையில் அறுவை நடந்த காலையும் முதலில் வைக்க வேண்டும். சில மாதங்கள் வரை மூட்டில் சிறிது சூடும் வீக்கமும் இருப்பது இயல்பே. முழு வலிமை திரும்ப ஓராண்டு வரை ஆகலாம்.

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினாலும், மார்பு வலியோ மூச்சுத் திணறலோ கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். காயத்தில் நீர் கசிதல், செந்நிறம் பரவுதல், காய்ச்சல் ஆகியன தோன்றினால் அறுவை செய்த மருத்துவரையே தாமதமின்றி அணுக வேண்டும். கடையில் கிருமிநாசினி மாத்திரை வாங்கி உண்பது, எந்தக் கிருமி என்று கண்டறியும் சோதனையையே பயனற்றதாக்கிவிடும்.

தரையில் அமரலாமா?

நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 70 பாகையும், படியேறி இறங்க 90 பாகையும் மடங்கினால் போதும். குந்தி அமர 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். மாற்று மூட்டு பலருக்கு 110 முதல் 125 பாகை வரையே மடங்கும். ஆகவே தரையில் உண்பது, குந்தியமர்ந்து வழிபடுவது போன்ற பழக்கங்களை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலோர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இதை முன்னரே அறிந்தவர்களுக்குப் பின்னர் ஏமாற்றம் குறைவு.

ஆயுளும் செலவும்

ஆஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் 100க்கு 82 வீதம் 25 ஆண்டுகள் நிலைத்திருக்கும் என மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அப்போது கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு விதித்த விலை, வரி நீங்கலாக, ரூ. 54,720. 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி மக்கள் நலத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் முழங்கால் மாற்றும் இடம்பெற்றது. 2024 அக்டோபரில் அத்திட்டம் 70 வயது நிரம்பியோருக்கு வருமான வரம்பின்றி விரிவாக்கப்பட்டது. தம் மாநிலத்தில் எந்த மருத்துவமனைகள் இதன்கீழ் உள்ளன என்பதை முன்கூட்டி விசாரித்தறிதல் நலம்.

சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே, அதற்கு முந்திய ஆறு வாரங்களுக்கும் பிந்திய ஆறு வாரங்களுக்கும் உரிய ஏற்பாடுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் அருகிலிருந்து பயிற்சி செய்விக்க வீட்டில் ஒருவர் பொறுப்பேற்பாராயின், நோயாளி பிறர் துணையின்றி நடக்கும் நாள் விரைவில் வரும்.