கோழி எருவும் மின்சாரமும்

கோழிப் பண்ணையில் சேரும் எருவை எரித்து மின்சாரம் உண்டாக்கலாம் என்பது இன்று வெறும் ஊகமன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருந்துவரும் தொழில். இங்கிலாந்து நாட்டின் சபோக் பகுதியில் ‘ஐ’ என்னும் சிற்றூரில், 1992-ஆம் ஆண்டில், உலகத்திலேயே முதலாவதான இத்தகைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 12.7 மெகாவாட். நம் நாட்டிலும் இப்பொருள் நமக்கு அயலானதன்று. நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக் கோழிப் பண்ணைகளும், பல்லடம் வட்டாரத்தில் இறைச்சிக் கோழிப் பண்ணைகளும் நிறைந்திருக்கின்றன. அவற்றை அடுத்தே தறிகளும் வயல்களும் உள்ளன. ஆகையால் எந்த எருவை எரிக்கலாம், எதை எரிக்கலாகாது, தம் எருவை நீண்டகால ஒப்பந்தத்தில் கொடுக்குமுன் ஓர் அங்கத்தினர் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கோழி எரு என்று பொதுவாகச் சொன்னாலும் அது இருவகைப்படும். இறைச்சிக் கோழிகளை உமி, தேங்காய் நார்க்கழிவு, மரத்தூள் முதலியவற்றைத் தரையில் பரப்பி ஆழ்கூள முறையில் வளர்க்கிறோம். எச்சமும் கூளமும் கலந்து கிடைக்கும் அந்த எருவில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பங்கு வரையே ஈரம் இருக்கும். முட்டைக் கோழிகளையோ பெரும்பாலும் கூண்டுகளில் வளர்க்கிறோம். அவற்றின் எச்சம் கூளம் கலவாமல் கீழே விழுகிறது. புதிதாக விழுந்த எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீரே.

இவ்வேற்றுமை சிறிதன்று. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கு 600 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் செலவாகிறது. 25 விழுக்காடு ஈரமுள்ள ஆழ்கூள எரு ஒரு டன்னை எரித்தால், அதிலுள்ள தண்ணீரைப் போக்க அதன் வெப்பத்தில் ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்கு போதும். 75 விழுக்காடு ஈரமுள்ள கூண்டு எருவிலோ, உலர்ந்த பொருள் தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் தண்ணீரைத் துரத்துவதிலேயே அழிந்துவிடும். தீயும் நிலைத்து எரியாது. எனவே ஆழ்கூள எருவும், நன்கு உலர்த்திய கூண்டு எருவும் உலைக்கு ஏற்றவை. ஈர எரு சாண எரிவாயுக் கலத்துக்கு ஏற்றது என்பது முதற் பாடம். நீர்க்குழாய் கசிந்து நனைந்த கூளத்தை உலர்ந்த கூளத்தோடு கலந்து அனுப்புபவர், தம் எருவின் விலையை மட்டுமன்றி, அயலார் எருவின் விலையையும் கெடுத்தவராவார்.

எரிக்கும் நிலையத்தின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. எரு உலையில் எரிகிறது. அவ்வெப்பத்தால் கொதிகலனில் நீராவி உண்டாகிறது. நீராவி டர்பைனைச் சுழற்ற, அதனோடு இணைந்த ஜெனரேட்டர் மின்சாரத்தைத் தருகிறது. ஆயினும் விறகு எரிப்பதைப் போல இதை எரித்துவிட முடியாது. எருவில் சாம்பல் சத்தும் குளோரினும் மிகுதி. இவை சேர்ந்து, சூடான இடத்தில் சாம்பலை இளகச் செய்து கொதிகலன் குழாய்களில் படியவைக்கின்றன. நாளடைவில் இரும்பையும் அரிக்கின்றன. பண்ணைக் கழிவுகளை உடன் சேர்ப்பது எரிபொருளைச் சீராக்கும். உமி கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 கிலோ கலோரி தரும். ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். உலர்ந்த பருத்திமார் 4,000 கிலோ கலோரி அளவுக்குத் தரும்; ஆனால் துண்டு துண்டாக நறுக்காமல் அதை ஏற்றவும் இயலாது, எரிக்கவும் இயலாது. வைக்கோல் மாட்டுக்குத் தீனி. அதோடு சாம்பல் சத்தும் உடையதாகையால் படிவை மேலும் கூட்டும். ஆகவே எதைக் கலப்பது, எந்த அளவில் கலப்பது என்பது தேர்ந்த பொறியியலாளர் தீர்மானிக்க வேண்டியதேயன்றி, மலிவாகக் கிடைத்ததையெல்லாம் போடுவதன்று.

இனி அளவைக் கருதுவோம். நெதர்லாந்து நாட்டின் மோர்டைக் நகரில் 2008-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நிலையம் ஆண்டொன்றுக்குச் சுமார் 4,40,000 டன் எருவைக் கொண்டு ஏறத்தாழ 27 கோடி யூனிட் மின்சாரம் தருவதற்காக அமைக்கப்பட்டது. அதாவது டன் ஒன்றுக்கு 600 யூனிட். இக்கணக்குப்படி ஒரு மெகாவாட் திறனுள்ள நிலையம் இரவும் பகலும் இயங்குவதற்கு நாள்தோறும் 40 டன் எரு வேண்டும். ஓர் இறைச்சிக் கோழி வளர்ந்து விற்பனைக்குப் போகும்வரை சுமார் ஒன்றரைக் கிலோ கூள எருவே தருகிறது. எனவே ஒரே ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டில் ஒரு கோடிக் கோழிகளின் எரு வேண்டியிருக்கும்! தனிப் பண்ணையாளர் எவரும் இதை எண்ணிப் பார்க்கவும் இயலாது. அன்றியும் எரு இலேசான பொருள். லாரியில் இடத்தை அடைக்கும், எடை காட்டாது. தூரம் கூடக்கூட வண்டிக் கூலி இலாபத்தை விழுங்கிவிடும். நெருங்கிய வட்டாரத்தில் பலர் ஒன்றுசேர்வதே இத்தொழிலின் அடித்தளம்.

மோர்டைக் நிலையத்தின் வரலாறு இதைத்தான் காட்டுகிறது. அந்நாட்டில் நிலம் குறைவு, கால்நடை மிகுதி. வயல்கள் ஏற்கக்கூடிய அளவைக் கடந்து எரு குவிந்தது. எருவை அப்புறப்படுத்தக் குடியானவர்களே பணம் கொடுக்கவேண்டிய நிலை இருந்தது. ஏறத்தாழ அறுநூறு கோழிப் பண்ணையாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, தங்கள் எருவை நீண்டகாலத்துக்கு அளிப்பதாக உறுதியளித்தனர். அவர்களுடைய கூட்டுறவும், விவசாயிகள் அமைப்பு ஒன்றும், ஒரு மின்சாரக் கம்பெனியும் நிலையத்தின் பங்குதாரர்களாயின. அந்நாட்டுக் கோழி எருவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அந்த ஒரே நிலையம் ஏற்கும்படி திட்டமிடப்பட்டது. எரிபொருள் தருவோரே உரிமையாளருமாயினர் என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் பென்சன் நகரில், வான்கோழி எருவை முதன்மையாகக் கொண்டு 55 மெகாவாட் நிலையம் ஒன்று 2007-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் மின்சாரத்தின் விலை பிறவகை மின்சாரத்தைவிட அதிகமாயிருந்தது. மாநிலச் சட்டத்தின் துணையால் கிடைத்த ஒப்பந்தமே அதைத் தாங்கி நின்றது. 2017-ஆம் ஆண்டில் அச்சட்டம் மாற்றப்பட்டது. மின்சாரத்தை வாங்கிவந்த கம்பெனியே நிலையத்தை விலைக்கு வாங்கி 2018-இல் மூடிவிட்டது. உலை பழுதுபட்டதால் அன்று, விலை கட்டாததால் நின்றது. எரு ஏற்றிவந்தவர்கள் வேறு வழி தேட நேர்ந்தது.

ஈர எருவுக்கு உரிய வழி எரிவாயு. பதினாயிரம் முட்டைக் கோழிகள் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு டன் எச்சம் தரும். காற்றுப் புகாத கலத்தில் அது நொதித்தால் சுமார் 60 கன மீட்டர் வாயு கிடைக்கும்; எஞ்சினில் எரித்தால் 80 முதல் 90 யூனிட் வரை மின்சாரமாகும். ஆனால் கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதியாகையால் அம்மோனியா பெருகி, வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை நலிவடையச் செய்யும். மாட்டுச் சாணமோ நறுக்கிய தட்டையோ கலந்தால் இக்குறை தணியும். கலத்திலிருந்து வெளிவரும் கூழில் பயிருக்கு வேண்டிய சத்துக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன என்பது இதன் தனிச்சிறப்பு.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். எருவை எரித்தால் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சாம்பலில் தங்கும். தழைச்சத்தும் மண்ணுக்கு மக்காகச் சேரவேண்டிய பகுதியும் புகைபோக்கி வழியே போய்விடும். ஒரு டன் ஆழ்கூள எருவில் 30 கிலோ அளவுக்குத் தழைச்சத்து உண்டு. அது ஏறத்தாழ ஒன்றரை மூட்டை யூரியாவில் உள்ள அளவு. நெதர்லாந்தில் எரு மிகையாகி நீரைக் கெடுத்தது. அங்கே எரிப்பது நன்மை. எருவுக்காக மண் ஏங்கும் புன்செய்க் காட்டை அடுத்து எரிப்பதோ, விதை நெல்லைக் குத்தித் தின்பதை ஒக்கும். மிகையான எருவை எரிக்கலாம். வேண்டிய எருவை எரித்தலாகாது. இதுவே இப்பாடத்தின் சாரம்.

ஆதலால், எவரேனும் நம் சங்கத்திடம் எரு ஒப்பந்தத்தோடு வருவாராயின், கையெழுத்துக்கு முன் பொதுக்குழுவில் சில கேள்விகள் எழவேண்டும். நம் வட்டாரத்து வயல்களுக்குப் போக மிஞ்சும் எரு உண்மையில் எவ்வளவு? விலை எடைக்கா, ஈரத்தைக் கழித்த எடைக்கா. ஈரத்தை அளப்பவர் யார்? வண்டிக் கூலி யார் பொறுப்பு? சாம்பல் நம் வயலுக்குத் திரும்புமா? பறவை நோய் பரவும் காலத்தில் வண்டிகள் பண்ணைக்குப் பண்ணை போவதற்கு என்ன கட்டுப்பாடு? மின்சாரத்தை வாங்குவோரின் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு. நிலையம் மூடினால் நம் எருவுக்கு வழி என்ன? நமக்குப் பங்குரிமை உண்டா, அன்றி எரு தருவோராக மட்டும் நிற்போமா?

தனியே நிற்கும் பண்ணையாளர் இக்கேள்விகளைக் கேட்டால் லாரி அடுத்த பண்ணைக்குப் போய்விடும். சங்கமாகக் கேட்டால் விடை வந்தே தீரும். அங்கத்தினர்கள் தத்தம் பண்ணையில் ஆண்டுக்குச் சேரும் எரு எவ்வளவு, வயலுக்கு இடுவது எவ்வளவு, விற்பது எவ்வளவு என்று இப்பொழுதே கணக்கெழுதி வைப்பார்களாக. அக்கணக்கு கையில் இருந்தால்தான், எருவை உலைக்கு அனுப்புவதா, கலத்துக்கு அனுப்புவதா, மண்ணுக்கே தருவதா என்பதை நாமே முடிவு செய்ய இயலும்.