பழைய கடிகாரம் சொல்லும் சாட்சி



2009ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் நியூயார்க் நகரில் ஓர் ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்தவை ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, ஒரு கிண்ணம், ஒரு தட்டு, ஸெனித் நிறுவனம் செய்த ஒரு வெள்ளிப் பைக்கடிகாரம். ஐந்தும் காந்தியடிகளின் உடைமைகள். விஜய் மல்லையா அவற்றை 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். அந்தக் கடிகாரத்தின் உள்ளே இருப்பவை மற்றக் கடிகாரங்களில் உள்ளவை போன்ற பற்சக்கரங்களும் சுருள்வில்லும்தாம். அப்படியானால் இவ்வளவு விலை எதற்கு? அது யாருடைய கடிகாரம் என்ற உண்மைக்கு!

உண்மைக்கு விலை உண்டு என்றால், பொய்யும் சந்தைக்கு வந்துவிடும் அல்லவா? பழைய கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் உண்மையையும் பொய்யையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்? நீங்கள் பள்ளியில் படிக்கும் பௌதிகமே இதற்கு உதவும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் என்ற நீண்ட எஃகு நாடா இறுகுகிறது. நம் விரலின் உழைப்பு அதில் நிலையாற்றலாகச் சேர்கிறது. அந்த ஆற்றல் ஒரேயடியாக வெளியேறிவிட்டால் முட்கள் சில விநாடிகளில் சுழன்று ஓய்ந்துவிடும். அதைச் சிறிது சிறிதாக அளந்து விடுவது பாலன்ஸ் சக்கரம். மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங் அதை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. ஊஞ்சலை ஒத்த இந்த ஏற்பாட்டை 1675இல் வெளியிட்டவர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ்.

பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. அதன் ஜனதா கைக்கடிகாரம் பல வீடுகளில் இன்றும் இருக்கும். அதைக் காதருகே வைத்துப் பாருங்கள். விநாடிக்கு 5 ‘டிக்’. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. எனவே 4,32,000 ‘டிக்’. நாளொன்றுக்கு ஒரு நிமிடம் தவறினால், 4,32,000இல் 300 மட்டுமே பிசகியது என்று பொருள். அறுபது ஆண்டுப் பழமையான எந்திரத்துக்கு அது மோசமான மதிப்பெண்ணா, சொல்லுங்கள்!

வெப்பம் விட்ட சுவடு

திருச்சியின் சித்திரை வெயிலில் சாதாரண எஃகு ஹேர் ஸ்பிரிங்கின் விறைப்பு சற்றுக் குறையும். சக்கரம் மெதுவாக ஆடும், கடிகாரம் பின்தங்கும். ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 விநாடி இழப்பு நேரும். பத்து டிகிரி ஏறினால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

இதைச் சரிக்கட்ட அக்கால வல்லுநர்கள், உட்புறம் எஃகும் வெளிப்புறம் பித்தளையும் இணைந்த பாலன்ஸ் சக்கரத்தைச் செய்து, அதன் விளிம்பை இரண்டு இடங்களில் வெட்டிவிட்டார்கள். பித்தளை அதிகமாக விரிவதால் வெட்டிய விளிம்பு உள்நோக்கி வளையும். நிறை மையத்தை நெருங்குவதால் சக்கரம் விரைவாக ஆடி இழப்பை ஈடுசெய்யும். பிறகு, வெப்பத்தால் விறைப்பு மாறாத உலோகக் கலவைகளை கில்லோம் என்ற அறிஞர் உருவாக்கினார். இத்தகைய நிக்கல் எஃகு ஆய்வுகளுக்காக 1920இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கலவைகள் பரவியதும் வெட்டிய சக்கரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆகவே, வெட்டிய இருலோகச் சக்கரம் ஒரு வயதுச் சான்று. ஆனால் பழைய மலிவுக் கடிகாரங்களில் வெட்டாத ஒற்றை உலோக வளையமும் உண்டு. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதலாகாது. இன்னொரு சான்றும் பாருங்கள். கீழே விழுந்தால் அச்சு முறியாமல் காக்கும் இன்காபிளாக் அமைப்பு 1930களில்தான் வந்தது. 1914ஆம் ஆண்டுப் போர்க்காலக் கடிகாரம் என்று விற்கப்படுவதனுள் அது இருந்தால், அங்கே எந்திரமே விற்பவரை மறுத்துப் பேசுகிறது!

பாலக்கரையில் மணி என்ன?

திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் தடத்தில் பாலக்கரை ஒரு சிறு நிலையம். தென்னிந்திய ரயில்வேக்குத் தலைமையிடமாகவும் பொன்மலைப் பட்டறைக்கு இருப்பிடமாகவும் விளங்கிய இவ்வூருக்கு, நேரம் என்பது உயிர்காக்கும் விஷயம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் கார்டுகளுக்கு இரண்டு வேறு நேரங்கள் இருந்தால் என்ன ஆகும்?

பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னை வானாய்வுக்கூடம் கிழக்கு 80¼ டிகிரியில் இருந்தது. 80¼ × 4 = 321 நிமிடம்; அதாவது கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால். இதுவே ‘மெட்ராஸ் நேரம்’. ரயில்கள் இதன்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82½ டிகிரியை ஒட்டிய இந்தியப் பொது நேரம், 5 மணி 30 நிமிடம், நடைமுறைக்கு வந்தது. பாலக்கரை ஏறத்தாழ 78.7 டிகிரியில் உள்ளது. அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.15க்கு என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பின்மூடியில் ரயில்வேயின் பெயரெழுத்துகள் பொறித்த பைக்கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுவது இதனால்தான். ஆனால் எழுத்தை எவரும் எப்போதும் பொறிக்கலாம். உருப்பெருக்கியில் பாருங்கள். பழைய எழுத்தின் ஓரங்கள் மூடியோடு சேர்ந்து தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். தேய்ந்த மூடியில் எழுத்து மட்டும் கூராக இருந்தால் ஐயம் கொள்ளுங்கள்.

ஒளி போனாலும் நஞ்சு போகாது

சில பழைய டயல்களில் எண்களும் முட்களும் இருளில் ஒளிர்வதற்காகப் பூச்சு பூசியிருப்பார்கள். 1960கள் வரை அதில் ரேடியம் கலப்பது வழக்கம். ரேடியத்தின் கதிர்கள் துத்தநாக சல்பைடைத் தாக்க, அது ஒளிரும். சில ஆண்டுகளில் சல்பைடு சிதைந்து ஒளி மங்கிவிடும். ரேடியமோ அப்படியே இருக்கும்! அதன் அரைஆயுள் 1,600 ஆண்டு. எண்பது ஆண்டு கழித்தும் ஏறத்தாழ 97 விழுக்காடு எஞ்சியிருக்கும். இருளில் ஒளிராததால் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு.

அமெரிக்காவில் இத்தகைய டயல்களுக்கு வண்ணம் தீட்டிய இளம் பெண்கள், தூரிகை நுனியை உதட்டால் கூராக்கினார்கள். ரேடியம் உடலுக்குள் சென்றது. 1920களில் பலர் தாடை எலும்பு அழுகி மாண்டார்கள். எனவே அத்தகைய கடிகாரத்தைத் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதே பெரிய கேடு.

பின்னாளில் டிரிட்டியம் வந்தது. டயலின் அடியில் சிறிய ‘டி’ என்ற ஆங்கில எழுத்து அதைக் குறிக்கும். அதன் அரைஆயுள் 12.3 ஆண்டு. ஐம்பது ஆண்டில் எவ்வளவு எஞ்சும்? ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஐம்பது வயது டிரிட்டியம் டயல் இன்றும் பளிச்சென்று ஒளிர்ந்தால், பூச்சு புதிது என்று அறியலாம்.

ஒரு தரம், இரண்டு தரம்...

ஒரு கடிகாரத்துக்கு ஒருவர் 5,000 ரூபாய் வரை தரத் தயார். மற்றவர் 3,000 வரை. ஏலம் 100, 100 ரூபாயாக ஏறினால் முதலாமவர் 3,100க்கு வெல்வார். ஏல விலையை முடிவு செய்வது வென்றவரின் ஆசை மட்டும் அன்று, தோற்றவரின் எல்லையும்தான்.

இதில் ஒரு பொறி உண்டு. பொருளின் உண்மை மதிப்பு எவருக்கும் சரியாகத் தெரியாதபோது, மிக அதிகமாக மதிப்பிட்டவரே வெல்வார். அதாவது, வென்றவரே மிகவும் தவறியவராகவும் இருக்கக்கூடும்! அதனால் தேர்ந்த சேகரிப்பாளர் பொருளை முன்கூட்டியே ஆராய்ந்து, தன் எல்லையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வார். ‘மூன்றாம் தரம்’ கேட்கும் வேகத்தில் அந்த எல்லையைத் தாண்டமாட்டார்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் ஓடும் நிலையில் உள்ள சாவி கொடுக்கும் கடிகாரம் இருந்தால், பெரியவர்களின் அனுமதியுடன் பத்து நாள் ஒரே வேளையில் சாவி கொடுங்கள். கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டையும் அறையின் வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறதா?

2. நெடுநாள் ஓடாத கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காதீர்கள். உள்ளே எண்ணெய் பிசினாகி இருக்கும். தையல் மெஷின் எண்ணெயும் விடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

3. மூடியைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். கீறல்களும் எழுத்தின் தேய்மானமும் அதன் வரலாறு. தேய்த்தால் சாட்சியை அழித்தவர் ஆவீர்கள்.

4. அது யாருடையது, எந்த ஆண்டு, எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி, தேதியிட்டு, கடிகாரத்தோடு வையுங்கள். பற்சக்கரத்தை மாற்றலாம், சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால் அந்தச் செய்தியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.