முப்பது வருஷ டாக்டருக்கு இனி என்ன படிப்பு?

போன ஞாயிறு கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் தூத்துக்குடிக்கு ஒரு தொடர் மருத்துவக் கல்விக் கூட்டத்துக்குப் போனேன். திங்கட்கிழமை காலையில் எங்கள் ஊரான வேம்பாரின் டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: “முப்பது வருஷமா ஊசி போடுறவருக்கு இனி என்னய்யா படிப்பு? கம்பெனிக்காரன் பிரியாணி போடுறான், போறாரு.”

பிரியாணிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த முப்பது வருஷம். ஆயுள் முழுக்கக் கடலைப் பார்த்தவரும் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் வள்ளத்தை இறக்குகிறார். அவரிடம் யாராவது “உனக்கெதுக்கு?” என்கிறீர்களா? ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் நிதீஷ் சௌத்ரி குழுவினர், டாக்டரின் அனுபவத்தையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளைத் திரட்டி 2005-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 32, வருஷம் ஏற ஏறத் தரம் இறங்குவதாகவே சொல்லின. காரணம் கை நடுக்கமல்ல. மருத்துவம் மாறிவிடுகிறது, டாக்டர் மாறுவதில்லை.

காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மாத்திரை கொடுத்துப் பழகியவன் நான். 2017-இல் அது நாடு முழுக்கத் தினசரி மாத்திரையானது. காய்ச்சல் என்றால் குழந்தைகளுக்கு நிமெசுலைடு எழுதிய காலம் உண்டு. 2011-இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதைத் தடை செய்தார்கள். பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில்கூட உப்பையும் சர்க்கரையையும் 2002-இல் குறைத்தார்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டு என்றுதான் அன்று சொன்னோம். இன்று அது கூடாது. இதெல்லாம் டாக்டருக்குக் கனவில் வந்து சொல்வார்களா?

சட்டம் கேட்பதும் அதிகமில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம். வருஷத்துக்கு வெறும் ஆறு மணி! மருத்துவச் சங்கக் கிளைகளும் மருத்துவக் கல்லூரிகளும் கூட்டம் நடத்தும். அதற்கான கிரெடிட் மணியைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அங்கீகரிக்கும்.

‘முப்பது மணி சேராத டாக்டர்களை எல்லாம் பதிவேட்டிலிருந்து தூக்கிவிடுவார்கள்’ என்ற வதந்தி 2023 ஆகஸ்டில் கிளம்பியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கச் சொன்ன தேசிய மருத்துவ ஆணையத்தின் புது விதிகள் அந்த மாதம் 2-ஆம் தேதி வந்தன, 23-ஆம் தேதியே நிறுத்திவைக்கப்பட்டன. பழைய விதிதான் நடப்பில் இருக்கிறது. மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் பதிவைப் புதுப்பிக்க இந்த மணிக்கணக்கு வேண்டும் என்பது தனிக்கதை.

இந்தக் கூட்டங்களில் தரும் சான்றிதழைச் சுவரில் மாட்டினால் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிடலாமா? ஆக முடியாது.

இப்போது பிரியாணி. மருந்துக் கம்பெனியிடம் டாக்டர் பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல் எதையும் பெறக்கூடாது என்று 2009-லேயே விதி வந்தாயிற்று. அப்படிக் கொடுத்த செலவுக்குக் கம்பெனி வரிச்சலுகையும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. மீறுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டோடு நழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஆனால் என் கோபம் வேறு. எதற்கு ஞாயிற்றுக்கிழமை? இந்தக் கரையில் கடலுக்குப் போகாத நாள் அதுதான். பூசை முடிந்ததும் என் திண்ணை நிறைகிற நாளும் அதுதான். ஒரு புதன்கிழமை, இங்கேயே ஒரு பள்ளிக்கூட அறையில் வைத்தால் ஆகாதா? தலைப்பும் எந்நேரமும் சர்க்கரையும் கொழுப்பும்தானா? சங்கு குளித்து ஏறியவன் தோள் வலி என்று வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியானதாக இருக்கலாம். அவனுக்கு உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். நாங்களோ வலி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். நான் போன கூட்டங்களில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியதில்லை.