எடை குறைந்த குழந்தையும் தாய்ப்பாலும்

"குழந்தைக்கு எடை போதவில்லை, தாய்ப்பாலுடன் டப்பாப் பாலும் சேர்த்துக் கொடுங்கள்" என்னும் அறிவுரையைப் பெற்று வீடு திரும்பும் தாய்மார் பலர். மருத்துவமனையில் கேட்டதை வீட்டில் அப்பத்தாவும் அம்மாச்சியும் வழிமொழிவர். அடுத்த வீட்டுக் குழந்தையோ கொழுகொழுவென்று இருக்கும். அந்நிலையில் தாயின் மனத்தில் எழும் வினா ஒன்றே: என் பால் போதவில்லையா? இவ்வினாவுக்கு எடைக்கருவி மட்டும் விடை கூற இயலாது. எடையை எவ்வாறு படிப்பது, உண்மையிலேயே குறை இருப்பின் எதனை முதலில் செய்வது, எப்போது சிறிதும் காலம் தாழ்த்தலாகாது என்பனவற்றை இங்குக் காண்போம்.

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது இயற்கை. பிறந்தபோதிருந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைதல் பெரும்பாலும் கவலைக்குரியதன்று. 10 விழுக்காட்டை நெருங்கினால் பாலூட்டும் முறையை உடனே கவனிக்க வேண்டும். பிரசவ நேரத்தில் தாய்க்குக் குளுக்கோஸும் சலைனும் மிகுதியாக ஏற்றப்பட்டிருந்தால், குழந்தையின் உடலிலும் நீர் சற்று மிகுந்திருக்கும். முதல் நாளில் அந்நீர் சிறுநீராகக் கழியும்போது எடை குறைந்ததாகத் தோன்றும். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் குழந்தை பிறந்த எடையை மீண்டும் எட்டிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் கூடுதல் போதுமானது. குழந்தை ஒரு நாள் 10 கிராமும் மறுநாள் 40 கிராமும் கூடலாம். ஆகவே நாள்தோறும் எடை பார்த்துக் கலங்குவதில் பயனில்லை.

எடை பார்ப்பதிலும் பிழைகள் நேர்கின்றன. ஒரு முறை துணை சுகாதார நிலையத்தின் தொங்கு தராசிலும், மறுமுறை மருத்துவமனையின் மின்னணுக் கருவியிலும் பார்த்த எடைகளை ஒப்பிடுதல் தவறு. வெள்ளி அரைஞாண், தண்டை, நனைந்த துணி, சற்றுமுன் குடித்த பால் ஆகிய அனைத்தும் கருவியில் ஏறும். ஒரே கருவி, ஆடையற்ற உடல், பாலூட்டுவதற்கு முந்தைய நேரம் என்னும் மூன்றும் ஒத்திருந்தால்தான் இரு எடைகளுக்கிடையிலுள்ள வேறுபாடு பொருளுடையதாகும்.

அடுத்து, எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பது. பல்லாண்டுகளாக உலகெங்கும் பயன்பட்ட வளர்ச்சி வரைபடம் அமெரிக்கக் குழந்தைகளைக் கொண்டு அமைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் அவ்வரைபடத்தில் பின்தங்குவதுபோல் தோன்றும். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகளின் தாய்மாரும் இதனால் "பால் பற்றவில்லை" என்னும் சொல்லைக் கேட்க நேர்ந்தது. இக்குறையை நீக்கவே உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை ஆய்வு நடத்தியது. இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியிலிருந்து சேர்க்கப்பட்டனர். தாய்ப்பாலால் வளர்ந்த குழந்தைகளை முன்மாதிரியாகக் கொண்ட புதிய வரைபடம் 2006-இல் வெளிவந்தது. இன்று தாய்சேய் நல அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகளாகக் காணப்படுவது அதுவே.

அவ்வரைபடத்தின்படி பெண் குழந்தையின் நடு அளவு பிறக்கும்போது 3.2 கிலோ, மூன்று மாதத்தில் 5.8, ஆறு மாதத்தில் 7.3. பச்சைப் பட்டையின் கீழ்விளிம்போ முறையே 2.4, 4.5, 5.7 கிலோ. 2.4 கிலோவுடன் பிறந்து ஆறாம் மாதத்தில் 5.7 கிலோ இருக்கும் குழந்தை, அடுத்த வீட்டு 7.3 கிலோ குழந்தையின் அருகில் மெலிந்தே தெரியும். ஆயினும் அக்குழந்தை தன் எடையை இரு மடங்குக்கு மேல் பெருக்கித் தன் கோட்டை விட்டு விலகாது வளர்ந்துள்ளது. கோடு தாழ்ந்த இடத்திலிருந்து சீராக ஏறுவது வேறு. உயர்ந்த இடத்திலிருந்து சரிவது வேறு. பச்சையிலேயே இருப்பினும் கோடு சரிந்துகொண்டே வரும் குழந்தைதான் நம் கவனத்தை முதலில் வேண்டுகிறது.

இக்கருத்து நம் பகுதிக்குப் புதியதன்று. 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது அன்றைய மதுரை மாவட்டம்; தேனி 1996 வரை அதன் பகுதியாகவே இருந்தது. அத்திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை ஊர்தோறும் மாதந்தோறும் எடையிட்டனர். அனைவருக்கும் உணவு வழங்காமல், போதிய எடை கூடாத குழந்தைக்கும் மிக மெலிந்த குழந்தைக்கும் மட்டும் சத்துமாவு உருண்டை கொடுத்தனர். பெரும்பாலும் 90 நாட்களில் குழந்தை தேறியதும் நிறுத்தினர். கூடுதல் உணவுக்கு ஒரு காரணமும் ஒரு முடிவு நாளும் இருந்தன. டப்பாப் பால் எழுதித் தரப்படும்போது பெரும்பாலும் விடுபடுவது அந்த முடிவு நாளே.

எடை உண்மையிலேயே கூடவில்லை எனில் என்செய்வது? மார்பு காலியாகக் காலியாகப் பால் சுரக்கும். தேங்கினால் சுரப்பு குறையும். டப்பாப் பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தை மார்பை நாடாது, மார்பில் பால் தேங்கும், சுரப்பு குறையும், பிறகு டப்பாப் பால் இன்னும் தேவைப்படும். ஆதலால் முதலில் திருத்த வேண்டியது பாலூட்டும் முறை. "நான் பாலூட்டுவதை ஒருமுறை பாருங்கள்" என்று செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்கத் தயங்க வேண்டாம். குழந்தையின் வாய் அகலத் திறந்து, காம்பு மட்டுமன்றிக் கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் இருக்கிறதா, விழுங்கும் ஓசை கேட்கிறதா, நாக்கின் அடிநரம்பு இறுகியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இரவு உட்பட ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். சிறிய குழந்தை விரைவில் களைத்து உறங்கிவிடும். அது அழும்வரை காத்திராமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்புங்கள். ஒரு மார்பு முழுவதும் குடித்தபின் மறு மார்புக்கு மாற்றுங்கள். பிற்பகுதியில் வரும் பாலில்தான் கொழுப்பு மிகுதி.

உறிஞ்சும் வலிமை இல்லாத குழந்தைக்குப் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டலாம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பாலாடையை இன்று இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளும் பயன்படுத்துகின்றன. புட்டியைவிடக் கழுவ எளிது. மார்புக்கும் புட்டிக் காம்புக்கும் இடையே குழந்தை குழம்புவதுமில்லை. தாயின் வெறும் மார்பின்மேல் குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு முறையும் எடை குறைந்த குழந்தைக்கு மருந்துக்கு நிகரானது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய இம்முறையை, குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்தவுடனேயே தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. தந்தையும் பாட்டியும்கூட அவ்வாறு அணைத்துக்கொள்ளலாம்.

சேனை, சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, கழுதைப்பால் ஆகியன வேண்டா. இவை சிறிய வயிற்றை நிரப்புமேயன்றி வளர்க்கமாட்டா, நோய்க்கிருமியும் புகக்கூடும். மருத்துவர் தரும் வைட்டமின் டி, இரும்புச்சத்துச் சொட்டு மருந்துகள் இவற்றுள் சேரா. அவற்றைத் தவறாது கொடுங்கள்.

ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பேறும் தாய்மாருக்கும், கம்பம், சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குச் செல்வோருக்கும் இவை எல்லாம் எளிதல்ல என்பதை அறிவோம். புறப்படுமுன் பீய்ச்சி மூடிவைத்த பால், நிழலான குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரமும் குளிர்பெட்டியில் 24 மணி நேரமும் கெடாது. வெயிலில் உழைத்த தாயின் பால் சூடேறிக் கெட்டுவிடும் என்றெண்ணிப் பீய்ச்சிக் கொட்டுவோர் உண்டு, அது வீண். வேலையிடத்தில் மார்பு கட்டினால் பீய்ச்சிவிடுங்கள். மாலையிலும் இரவிலும் அடிக்கடி ஊட்டுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் எடை ஏறாவிடில், பீய்ச்சிய தாய்ப்பாலைக் கூடுதலாகக் கொடுத்தல் முதல் வழி. தாய்ப்பால் வங்கியிலிருந்து பெறுதல் அடுத்தது. ஆசியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இரண்டும் இயலாதபோது டப்பாப் பால் மருந்தாகிறது. "எத்தனை மில்லி, நாளுக்கு எத்தனை முறை, எத்தனை நாள், எப்போது குறைப்பது?" என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். டப்பாவில் குறித்த அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்து நாள் கடத்துவது பட்டினி போடுவதற்கு ஒப்பாகும். குறிப்பிட்ட நிறுவனத்தின் டப்பாவை எவரேனும் இலவசமாகத் தந்தால், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடைசெய்கிறது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

அதே வேளையில் தாய்ப்பாலின்மீது கொண்ட பற்று குழந்தையைப் பட்டினியிடலாகாது. முதல் வாரத்துக்குப் பின் 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தல், சிறுநீர் அடர் மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருத்தல், எழுப்பினாலும் பால் குடியாமை, கைகால் சில்லிடுதல், காய்ச்சல், உச்சிக்குழி உள்வாங்குதல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அன்றே, இரவாயினும், 108 ஊர்தியை அழைத்து வாருங்கள். பதினான்கு நாட்களாகியும் பிறந்த எடை மீளாத குழந்தையையும் காட்டுங்கள். இதயக் குறை, சிறுநீர்த் தொற்று ஆகியன சில வேளை எடைக்குறைவாகவே முதலில் வெளிப்படும். தாயின் தைராய்டு குறையும் இரத்தசோகையும் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். அப்போது தரப்படும் கூடுதல் பாலை மறுக்க வேண்டாம். அதனுடன் மார்பில் ஊட்டுவதையும் நிறுத்த வேண்டாம்.

மருத்துவமனைக்கு வரும்போது தாய்சேய் நல அட்டையை மறவாது கொண்டுவாருங்கள். பழைய எடைகள் அனைத்தும் அதில் இருந்தால்தான் கோடு எத்திசையில் செல்கிறது என்பதை நாங்கள் உங்களுடன் சேர்ந்து பார்க்க இயலும்.