குன்னூர்ல ஏறி கோத்தகிரில இறங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

எடிட்டோரியல் டீம் என்கிட்ட கேட்டது ஒரு பயணக் கட்டுரை. தேயிலைத் தோட்டம், பனிமூட்டம், டீக்கடை எல்லாம் வரும், கவலைப்படாதீங்க. ஆனா இந்தக் கட்டுரையோட மையம் ஒரு கணக்கு. அதை நான் போயிட்டு வந்த பிறகுதான் போட்டேன். போறதுக்கு முன்னாடியே போட்டிருந்தா என் ரூம்மேட்டோட காலர் எலும்பு உடைஞ்சிருக்காது.

பாதை

மேட்டுப்பாளையத்துல ஆரம்பிச்சு குன்னூர் ஏறி, அங்கிருந்து கோத்தகிரி போய், மறுபடியும் மேட்டுப்பாளையத்துக்கே இறங்குற சுற்று இது. மொத்தம் ஏறக்குறைய 85 கி.மீ. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். குன்னூர் ரயில் நிலையம் சுமார் 1,700 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர்.

கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்புகளுக்கு நடுவுல ரோடு கிட்டத்தட்ட சமமா போகும். அங்க கிடைக்கிற தைரியத்தை நம்பாதீங்க. கல்லாறு தாண்டினதும் மலை ஆரம்பிச்சிடும். பர்லியாறு பழக்கடைகள், 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல சுமார் 20 கி.மீ. தேயிலைத் தோட்டங்களுக்குள்ள ஏறி இறங்கிப் போகும். மொத்தச் சுற்றுலயும் அழகான பகுதி அதுதான். பனி விலகினா பச்சை, விலகலைன்னா முன்னாடி போறவனோட சிவப்பு விளக்கு மட்டும்.

இதே மலையிலதான் நீலகிரி மலை ரயிலும் ஏறுது. குன்னூர் வரைக்கும் அது ஓட ஆரம்பிச்சது 1899-ல். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல அதோட சரிவு அதிகபட்சம் 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல அந்தச் சரிவுல வழுக்கும். அதனாலதான் நடுவுல பல் வச்ச தண்டவாளமும் அதைக் கவ்வுற பல் சக்கரமும். ரோடு வேற வழியில சமாளிக்குது. வளைஞ்சு வளைஞ்சு நீளத்தைக் கூட்டி, சரிவைச் சராசரியா 5 சதவீதத்துக்குக் குறைச்சிடுது.

ஏற்றம்: பலம் இல்லை, கியர்

ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோன்னு வச்சுக்குவோம். 5 சதவீதச் சரிவுல மணிக்கு 8 கி.மீ. வேகத்துல ஏற, உராய்வையும் சேர்த்து சுமார் 100 வாட் போதும். ஓரளவு பழகின யாரும் ரெண்டு மூணு மணி நேரம் கொடுக்கக்கூடிய பவர்தான் இது. அப்போ ஏன் பாதிப் பேர் நாலாவது வளைவுல இறங்கித் தள்ளுறாங்க?

முன்னாடி 34 பல், பின்னாடி 32 பல் இருந்தா, ஒரு தடவை பெடல் சுத்தினா சைக்கிள் சுமார் 2.2 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுத்து சுத்தினா சரியா 8 கி.மீ. வேகம். காலுக்குத் தேவையான டார்க் 16 நியூட்டன் மீட்டர்.

இப்போ 44-க்கு 18 பல் இருக்குற சாதாரண சைக்கிளை எடுங்க. அதே 8 கி.மீ. வேகத்துக்கு நிமிஷத்துக்கு 26 சுத்துதான் வரும். பவர் அதேதான், ஆனா டார்க் 37 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு மிதியும் ரெண்டு மடங்குக்கு மேல கனம். நுரையீரல் தாங்கும், முட்டி தாங்காது. "எனக்கு ஸ்டாமினா இல்லை"ன்னு சொல்றவங்கள்ல பல பேருக்கு உண்மையில இல்லாதது சின்ன கியர்தான்.

எங்களுக்கு அது இருந்துச்சு. செகண்ட் இயர்ல நானும் ரூம்மேட்டும் குன்னூரை மூணரை மணி நேரத்துல ஏறிட்டோம். கோத்தகிரியில டீயும் வர்க்கியும் சாப்பிடும்போது, "இனிமே இறக்கம்தான் மச்சி, வேலை முடிஞ்சுது"ன்னு நான்தான் சொன்னேன்.

இறக்கம்: நடந்தது

அவனுக்கு மலை இறக்கம் அதுதான் முதல் தடவை. சைக்கிள் ஒரு ஜூனியர்கிட்ட வாங்கினது, ரிம் பிரேக் வச்சது. நான் சீனியர் மாதிரி ரெண்டு அட்வைஸ் கொடுத்தேன். "பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா வாடா. முன் பிரேக்கைத் தொடாத, குப்புற விழுந்துருவ."

அவன் ரெண்டையும் அப்படியே கேட்டான். அரவேணு தாண்டி குஞ்சப்பனை வரைக்கும் பின் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு 20 கி.மீ. வேகத்துல வந்தான். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவுல 'டப்'னு சத்தம். பின் ட்யூப்ல பழைய பஞ்சர் ஒட்டு பிரிஞ்சு காத்து மொத்தமும் போயிடுச்சு. சைக்கிள் சறுக்கி, தோள்பட்டை ரோட்டுல இடிச்சுது. எதிர்ல பஸ் வராதது எங்க அதிர்ஷ்டம், வேற ஒண்ணும் இல்லை.

மேலேருந்து வந்த ஒரு பிக்கப் வண்டி அண்ணன் நிறுத்தி, சைக்கிளைத் தூக்கி ஏத்தும்போது ரிம்மைத் தொட்டுட்டு கையை உதறினார். "எங்கூருல எந்த கியர்ல ஏறினோமோ அதே கியர்ல இறங்குவோம் தம்பி. பிரேக்கை நம்பி யாராவது மலை இறங்குவாங்களா?"

அவர் சொன்னது இன்ஜின் பிரேக்கிங். ஆனா சைக்கிள்ல மிதிக்காம விட்டா ஃப்ரீவீல் சும்மா சுத்தும், பெடல் எதையும் பிடிச்சு நிறுத்தாது. அப்போ சைக்கிளுக்கு எது இன்ஜின் பிரேக்? ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து நான் யோசிச்சது இதைத்தான்.

பிரேக் கணக்கு

கோத்தகிரியிலேருந்து மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 1,470 மீட்டர் இறக்கம். நிறை, ஈர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா சுமார் 11.5 லட்சம் ஜூல். அறை வெப்பத்துல இருக்குற மூன்றரை லிட்டருக்கு மேலான தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் ஆற்றல் அது. இது எங்கேயாவது போயாகணும். போக ரெண்டே பெரிய இடம்: காத்து, இல்லைன்னா பிரேக்.

5 சதவீதச் சரிவுல ஈர்ப்பு நம்மை 39 நியூட்டன் விசையோட கீழே இழுக்கும். டயர் உராய்வு அதுல சுமார் 5-ஐ எடுத்துக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா, மீதியைக் காத்தும் பிரேக்கும் இப்படிப் பிரிச்சுக்கும். எல்லாமே தோராயம்.

மணிக்கு 15 கி.மீ.: பிரேக்குக்குப் போறது 120 வாட்.
22 கி.மீ.: 140 வாட். இதுதான் உச்சம்.
30 கி.மீ.: 115 வாட்.
39 கி.மீ.: கிட்டத்தட்ட பூஜ்யம். காத்தே முழுசா பிடிச்சுக்கும்.

காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறுறதால இப்படி வருது. பயந்தவன் இறங்குற அதே 20, 22 கி.மீ. வேகத்துலதான் பிரேக் அதிகமா சூடாகுது. லேப்ல இருக்குற 25 வாட் சால்டரிங் அயர்ன் அஞ்சாறை ஒரே ரிம்மில் வச்ச மாதிரி. என் ரெண்டாவது அட்வைஸால அந்த 140 வாட்டும் பின் ரிம்முக்கே போச்சு. ட்யூப்ல இருக்குற காத்து 30 டிகிரியிலேருந்து 90 டிகிரிக்குப் போனா அழுத்தம் சுமார் 20 சதவீதம் கூடும். ட்யூப் அதைத் தாங்கலாம். ஆனா சூட்டுல இளகின பஞ்சர் ஒட்டு தாங்கலை.

அப்போ எப்படி இறங்குறது?

39-ல் பறங்கன்னு நான் சொல்லலை. பிரேக்கைத் தொடர்ந்து உரசாதீங்க, அவ்வளவுதான்.

ரோடு நேரா தெரியுற இடத்துல நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சை விரிச்சு வைங்க. நம்ம இன்ஜின் பிரேக் அந்தக் காத்துதான். வேகம் உங்க கட்டுப்பாட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைச்சு, உடனே முழுசா விடுங்க. விட்ட நேரத்துல ரிம் ஆறும்.

இறக்கத்துல எடை முன்னாடி சாயும், அதனால முன் பிரேக்தான் அதிகம் வேலை செய்யும். அதை ஒரேடியா கவ்வாம மெல்ல மெல்ல அழுத்துங்க. உடம்பைச் சீட்ல கொஞ்சம் பின்னாடி தள்ளி வைங்க.

வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க, வளைவுக்குள்ள பிரேக் வேண்டாம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவுல 20 கி.மீ. வேகமே அதிகம், ஈரமா இருந்தா இன்னும் குறைவு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓரமா நிறுத்தி ரிம்மில் ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. 'சுர்'ருன்னா ஆறுற வரைக்கும் காத்திருங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி

ஒட்டுப் போட்ட ட்யூப் வேண்டாம், புதுசு போடுங்க. பிரேக் கட்டையைப் பாருங்க. மே சீசன்ல வண்டிகளைக் குன்னூர் வழியா ஏத்தி, கோத்தகிரி வழியா இறக்குறது வழக்கம், நாம போற திசையும் அதுதான். ஆனா அந்த நெரிசல்ல சைக்கிள் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில மண் சரியும். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாசம். பர்லியாறு, குஞ்சப்பனை பக்கம் யானை நடமாட்டம் உண்டு, பலாப்பழ சீசன்ல இன்னும் அதிகம். விடியறதுக்கு முன்னாடியும் இருட்டின பிறகும் மலையில இருக்காதீங்க. மாவட்டத்துல ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, சொந்த பாட்டில் கொண்டு போங்க.

இந்த ஜனவரியில ரெண்டு பேரும் மறுபடியும் போனோம். இறக்கத்துல அவன் முன்னாடி, நான் பின்னாடி. அட்வைஸ் எதுவும் கொடுக்கலை, இந்தக் கணக்கை எழுதின பேப்பரை முந்தின நாளே கொடுத்திருந்தேன். அதே வளைவுக்குக் கீழே நிறுத்தி ரிம்மில் தண்ணி விட்டான். சத்தம் வரலை. விரல் வச்சுப் பார்த்துட்டு, "வெதுவெதுன்னுதான்டா இருக்கு"ன்னான்.

போகணும்னு இருக்குறவங்க ஹாஸ்டல்ல என்னை வந்து பாருங்க. பம்பும் டயர் லிவரும் தரேன், முன் பிரேக் பிடிக்க கிரவுண்டுல பழக்கியும் விடறேன்.