மோதிர வடிவில் ஒரு புற்றுநோய்



மெட்டலர்ஜி லேபில் நாம் என்ன செய்கிறோம்? இரும்புத் துண்டை எமரி தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, நைட்டால் விட்டு எட்ச் செய்த பிறகுதான் மைக்ராஸ்கோப்பில் வைக்கிறோம். எட்ச் செய்ய மறந்தால் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். ஃபெர்ரைட்டும் தெரியாது, பியர்லைட்டும் தெரியாது. மனித உடம்பிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்குக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 'சிக்னெட் ரிங் செல் அடினோகார்சினோமா' என்ற புற்றுநோயில் இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடுகிறது.

சிக்னெட் ரிங் என்றால் முத்திரை மோதிரம். இந்தச் செல்லுக்குள் மியூசின் என்னும் கோழைப்பொருள் நிரம்பி, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். பார்வைக்கு வளையமும் கல்லும் போலவே இருக்கும். பெரும்பாலும் இரைப்பையில் வரும். பெருங்குடல், மார்பகம் போன்ற இடங்களிலும் வருவதுண்டு.

சாதாரண செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது ஈ-கேதரின் என்ற புரதம். இந்த நோயில் பல சமயம் அது வேலை செய்வதில்லை. சிவில் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: சிமெண்ட் இல்லாத செங்கல்! செல்கள் கட்டியாகத் திரளாமல், தனித்தனியாக இரைப்பைச் சுவருக்குள் ஊர்ந்து பரவும். சுவர் தடித்து, விறைத்து, தோல் பை மாதிரி ஆகிவிடும். இதற்கு லினைடிஸ் பிளாஸ்டிகா என்று பெயர். எண்டோஸ்கோப் வழியாகக் காற்று ஊதினாலும் அந்த இரைப்பை விரியாது. ஆனால் உள்பக்க மேல்தோல் மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருக்கலாம்!

இங்கேதான் ஆபத்து. சாதாரண பயாப்சி இடுக்கி மேல்தோலைத்தான் கிள்ளும். "கேன்சர் இல்லை" என்று ரிப்போர்ட் வரும், நோய் அடியில் இருக்கும். அதனால் சந்தேகம் இருந்தால், கிள்ளிய இடத்திலேயே மறுபடி ஆழமாகக் கிள்ளி, பல துணுக்குகள் எடுக்க வேண்டும். எண்டோஸ்கோப் முனையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துச் சுவரின் தடிமனையும் பார்ப்பார்கள்.

லேபிலும் கவனம் வேண்டும். வழக்கமான ஹிமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் இரண்டொரு மோதிரச் செல்கள் எளிதில் கண்ணுக்குத் தப்பும். வேறு செல் என்று நினைக்கவும் வாய்ப்புண்டு. பி.ஏ.எஸ். சாயம் போட்டால் மியூசின் கருஞ்சிவப்பாகப் பளிச்சிடும். சைட்டோகெரட்டின் சோதனையும் கைகொடுக்கும். நம்ம நைட்டால் வேலைதான், வேறென்ன?

அடுத்து, நோய் எதுவரை போயிருக்கிறது என்ற கேள்வி. சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். வயிற்று உள்ளுறையில் தூவியதுபோல் பரவியிருந்தால் அது ஸ்கேனுக்குத் தப்பலாம். ஆகவே லேப்ராஸ்கோப் விட்டு நேரில் பார்த்து, சலைன் விட்டு அலசி, அந்த நீரிலும் செல் தேடுவார்கள். சூலகத்துக்கும் பரவும். 1896-ல் குருக்கன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைச் சூலகத்திலேயே தோன்றிய கட்டி என்று எழுதினார். வேறிடத்திலிருந்து வருவது என்று பிறகுதான் தெரிந்தது.

சிகிச்சைக்கு வருவோம். மிக ஆரம்பத்தில், மேல்தோலோடு நிற்கும் சிறு புண் என்றால் சிலருக்கு எண்டோஸ்கோப்பிலேயே செதுக்கி எடுத்துவிடலாம். பலன் நன்றாக இருக்கும். சுவருக்குள் போய்விட்டால் இரைப்பையை, பல சமயம் முழுவதையுமே, சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களோடு அகற்ற வேண்டும். இப்போது பரவலாகத் தருவது ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கூட்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக ஆபரேஷனுக்கு முன் நான்கு, பின் நான்கு. பரவிவிட்ட நோயில், செல்மேல் கிளாடின் 18.2 இருந்தால் கீமோவோடு சேர்த்துத் தரும் சோல்பெடுக்சிமாப் என்ற மருந்துக்கு 2024-ல் ஜப்பானும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன.

இரைப்பை போனால் சாப்பாடு எப்படி? உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிட வேண்டும். பி-12 ஊசி ஆயுள் முழுக்கத் தொடரும்.

கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, அடிக்கடி வாந்தி... இவற்றுக்கு வீட்டில் யாராவது மாதக்கணக்கில் அல்சர் மாத்திரை மென்றுகொண்டிருந்தால் எண்டோஸ்கோப்பிக்கு அழைத்துப் போங்கள். வயசுப் பிள்ளைக்கு கேன்சரா என்று அலட்சியம் வேண்டாம்; இரைப்பைப் புற்றுநோயில் இந்த வகை இளையவர்களிடமும் வருகிறது.

சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, ஈ-கேதரினுக்கான சி.டி.ஹெச்.1 ஜீனின் பழுதுதான் காரணம் என்று 1998-ல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழுது உள்ளவர்களில் பலர் நோய் வரும் முன்பே இரைப்பையை எடுத்துவிடுகிறார்கள். எண்டோஸ்கோப்பியில் சுத்தமாக இருந்த அந்த இரைப்பைகளை வெட்டிச் சாயமிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு மூலையில் மோதிரச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன.